பிளாஸ்மா கட்டிங் (மின்சாரத்தால் கொதிக்கும் காற்றைப் பீய்ச்சி உலோகம் வெட்டுவது): நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: அண்ணா, 6 எம்.எம். எம்.எஸ். (சாதாரண இரும்பு) பிளேட் வெட்டுகிறேன். அடியில் கசடு ஒட்டிக்கொள்கிறது. ஆம்பியரைக் கூட்டலாமா?

பதில்: ஆம்பியரைத் தொடாதீர்கள் தம்பி, முதலில் அந்தக் கசடைப் பாருங்கள். தடியாக, பொரிபொரியாக இருந்து சுத்தியலால் ஒரு தட்டு தட்டியதும் பெயர்ந்து விழுந்தால் உங்கள் கை மெதுவாகப் போகிறது. விளிம்போடு மெல்லிய கம்பி போல ஒட்டி, கிரைண்டர் வைத்தால்தான் போகும் என்றால் வேகம் அதிகம். வெட்டும்போதே பிளேட்டுக்கு அடியில் பொறி போகும் திசையைக் கவனியுங்கள். நேர் கீழே இல்லாமல் 15, 20 டிகிரி பின்பக்கம் சாய்ந்து போனால் வேகம் சரி. பொறி மேலே எகிறினால் தகடு அறுபடவே இல்லை, கையை நிறுத்துங்கள்.

கேள்வி: டார்ச்சில் (கையில் பிடித்து வெட்டும் கருவி) நாசிலும் (காற்று வரும் முனை) எலக்ட்ரோடும் (அதற்குள்ளே மின்பொறி கிளம்பும் துண்டு) இரண்டு நாள்கூட வருவதில்லை. போலியா?

பதில்: போலியாகவும் இருக்கலாம், ஆனால் நான் முதலில் காற்றைத்தான் சந்தேகப்படுவேன். ஆர்க் (மின்பொறி) இல்லாமல் காற்று மட்டும் வரும்படி செட் செய்து, டார்ச் முன்னால் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். ஈரப் புள்ளி விழுந்தால் அதுதான் காரணம். போன ஐப்பசி மழையில் எங்கள் பட்டறையில் கம்ப்ரஸர் டேங்க் அடி வால்வைத் திறந்தேன், துரு நிறத்தில் அரை சொம்புத் தண்ணீர் வந்தது. தினமும் காலையில் அதைத் திறந்துவிடுங்கள். அப்புறம், கம்ப்ரஸரிலிருந்து சூடாக வரும் காற்று ஹோஸில் போகப் போக ஆறி அங்கேதான் நீராகிறது, அதனால் ஃபில்டரை கம்ப்ரஸர் வாயில் மாட்டாமல் பிளாஸ்மா மெஷின் பக்கத்தில் மாட்டுங்கள். எலக்ட்ரோட் நுனியில் பொட்டு மாதிரி இருக்கும் ஹாஃப்னியம் உலோகம் 1.5 எம்.எம். அளவுக்குக் குழி விழுந்தால் மாற்றிவிடுங்கள், நாசிலையும் கூடவே. மெஷினை ஆஃப் செய்யாமல் டார்ச்சில் கை வைக்கக் கூடாது, அதில் உயிரை வாங்கும் வோல்டேஜ் இருக்கிறது.

கேள்வி: வெட்டின ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சரிவாகவும் வருகிறதே?

பதில்: காற்று சுழன்றுகொண்டு வருவதால் அப்படித்தான் வரும். பெரும்பாலான டார்ச்சுகளில் நீங்கள் போகும் திசைக்கு வலப்பக்கம்தான் நேராக இருக்கும், எனவே தேவையான துண்டை வலப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வட்டத் தகடு வேண்டுமா, கடிகாரச் சுற்றில் வெட்டுங்கள். பிளேட்டில் ஓட்டை போட எதிர்ச்சுற்று. இரண்டு பக்கமும் கோணலாக வந்தால் நாசில் ஓட்டையைப் பாருங்கள், நீள்வட்டமாகியிருக்கும்.

கேள்வி: பிளேட் நடுவில் துளைக்கும்போது உருகின இரும்பு நாசிலிலேயே தெறிக்கிறது.

பதில்: டார்ச்சை 45 டிகிரி சாய்த்து ஆரம்பியுங்கள், தெறிப்பு எதிர்ப்பக்கம் போகட்டும் (அங்கே யாரும் நிற்கக் கூடாது). துளை விழ விழ நிமிர்த்துங்கள்.

கேள்வி: ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் வெட்டிய அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும். பால் குடித்தால் போதும் என்கிறார்களே சார்?

பதில்: போதாது. துத்தநாகப் புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. அந்தக் காய்ச்சல் ஓரிரு நாளில் தானாகவே தணியும், பால் தணித்ததாக நினைத்துக்கொள்கிறோம், அடுத்த வாரம் மறுபடியும் அதே புகையில் நிற்கிறோம். வெட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுங்கள், திறந்த இடத்தில் வெட்டுங்கள், உலோகப் புகைக்கான மாஸ்க் போடுங்கள், கைக்குட்டை கட்டுவதால் பயனில்லை. மூச்சு இறுகினால் அன்றைக்கே டாக்டரிடம் போய், ஜி.ஐ. வெட்டினேன் என்று மறக்காமல் சொல்லுங்கள்.