குழந்தைகளுக்கு எந்த வனவிலங்குத் தொடரைக் காட்டலாம்? அதனால் இயற்கையின் மீது அக்கறை வளருமா?

ஏழு வயது மகனுக்குக் காட்டத் தகுந்த வனவிலங்குத் தொடர் ஒன்றைச் சொல்லும்படியும், அப்படிப் பார்ப்பதால் பிள்ளைகளிடம் உண்மையிலேயே மாற்றம் ஏதும் வருகிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்னும் ஊருக்கு அருகே ஒரு கடற்கரைக் கிராமத்தில் வசிக்கும் நான், என் மகளோடு சேர்ந்து இரண்டு ஆண்டுகளாக இத்தகைய தொடர்களைப் பார்த்துவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து இந்தப் பதிலை எழுதுகிறேன்.

என் முதல் பரிந்துரை ‘வைல்ட் கிராட்ஸ்’. அமெரிக்காவின் பிபிஎஸ் கிட்ஸ் அலைவரிசையில் 2011 ஜனவரியில் தொடங்கிய தொடர் இது. கிறிஸ் கிராட், மார்ட்டின் கிராட் என்னும் சகோதரர்கள் இதை உருவாக்கினார்கள். இவர்கள் அதற்கு முன்பே, 1990களிலிருந்து, குழந்தைகளுக்காக விலங்கு நிகழ்ச்சிகள் செய்துவந்தவர்கள். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் இருவரும் உண்மையான காட்டிலோ நீரிலோ ஒரு விலங்கின் அருகே நின்று பேசுவார்கள். இந்த விலங்கின் ஆற்றல் நமக்கும் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர்கள் வியந்து கேட்ட உடனே காட்சி கார்ட்டூனாக மாறிவிடும். அங்கே அவர்கள் அணியும் சிறப்பு உடையில் ஒரு வட்டைப் பொருத்தி, அந்த விலங்கைத் தொட்டால், அதன் ஆற்றல் அவர்களுக்கு வந்துவிடும். கற்பனை அவ்வளவுதான், மற்றபடி அந்த விலங்கு எப்படி இரை தேடுகிறது, எப்படிக் குஞ்சு பொரிக்கிறது, அதன் உடல் ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்பதையெல்லாம் அறிவியல் பிசகாமல் சொல்லிக்கொண்டே போகிறார்கள். தாய் முதலை தன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துப் பதமாகச் சுமந்து செல்வதைப் பார்த்த அன்றோடு என் மகளுக்கு முதலையின் மீதிருந்த அருவருப்பு போய்விட்டது.

அந்தச் சகோதரர்களின் பறக்கும் கப்பல் ஆமை வடிவில் இருக்கும். அதன் பெயர் டார்டுகா. அதுதான் என் தந்தையையும் திரையின் முன் உட்கார வைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடலுக்குப் போய்வந்தவர் அவர். கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துச் சரிசெய்துகொண்டே, பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றின் ஓடும் எப்படியிருக்கும் என்று பேத்திக்கு விளக்கினார். தாம் சிறுவனாக இருந்த காலத்தில் ஆமைக்கறி தின்றதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

இந்தத் தொடரின் ஒரு குறையை நான் உணர்ந்தது அந்த நேரத்தில்தான். பல கதைகளில் ஒரு வில்லன் வருகிறான். கூர்மாண்ட் என்பவன் அரிய விலங்குகளைச் சமைக்கத் துடிப்பவன். டொனிட்டா டொனாட்டா என்பவள் விலங்குகளை ஆடை அலங்காரப் பொருளாக்குபவள். என் மகள் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், “அம்மா, அப்ப தாத்தாவும் கூர்மாண்ட் மாதிரியா?” என்று கேட்டாள்.

என் தந்தைக்கு அது கேட்டுவிட்டது. அவர் கோபப்படவில்லை. வலையைக் கீழே வைத்துவிட்டு, பாக்கு நீரிணைப் பக்கம் ஒரு நாள் தம் வலையில் ஆவுளியா சிக்கிய கதையைச் சொன்னார். கடல் பசு என்று பாடப்புத்தகத்தில் வருவதைத்தான் நாங்கள் ஆவுளியா என்கிறோம். “அது மீன் இல்லத்தா. நம்மள மாதிரி மூச்சு விட மேல வரணும். வல விடல. நாங்க இழுக்கும்போது செத்துப்போச்சு. படகுல தூக்கிப் போட்டா, மார்புல பால் கசியுது. குட்டி எங்க இருந்துச்சோ!” என்று சொல்லி நிறுத்தினார். என் மகள் அதற்குப் பிறகு வில்லன் என்ற சொல்லை எடுக்கவில்லை.

எங்கள் கரையில் ஆவுளியா குறைந்ததற்குக் காரணம் ஒரு தீயவன் அல்லன். மேயும் இடமும் வலை விரிக்கும் இடமும் ஒன்றாக இருப்பதும், முன்பு கறிக்காகப் பிடித்ததும், தாழை என்று நாங்கள் சொல்லும் கடற்புல் அழிந்ததும், ஒரு தாய் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி ஈனுவதும் சேர்ந்துதான் இந்த நிலைமை. பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவனையும் அவன் வலையில் சிக்கும் உயிரையும் ஒருசேர மனத்தில் வைத்துப் பார்க்க அந்தத் தொடர் கற்றுத்தரவில்லை. அதைப் பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக்கு நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்ததையும், சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசுத்தொகை கொடுத்ததையும் நான் என் மகளுக்குச் சொன்னேன். வலையை அறுப்பது என்றால் எவ்வளவு பணம் போகும் என்று மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை.

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: வளரும், ஆனால் பிள்ளையைத் தனியே திரையின் முன் விட்டுவிட்டால் வளராது. கூடவே உட்காருங்கள். திரையில் வரும் உயிரினத்துக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பார்க்கிறோம். பெயரைக் கேட்காமல் விட்டிருந்தால், தான் பிறந்த கரையின் உயிரை என் மகள் ‘டியூகாங்’ என்று மட்டுமே அறிந்திருப்பாள்.

முடிந்தால் பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் பருவத்தில் தனுஷ்கோடிக்கு அழைத்து வாருங்கள். அங்கே கரையேறி முட்டையிடும் ஆமைகளின் முட்டைகளை வனத்துறையினர் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். ஏறத்தாழ 50 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். சென்ற முறை ஒரு குஞ்சு மணலில் இருந்த காலடிக் குழிக்குள் விழுந்து, துடுப்புகளை அடித்து அடித்து ஏற முயன்றுகொண்டிருந்தது. என் மகள் கையை நீட்டினாள். தொட்டால்தான் ஆற்றல் வரும் என்று தொடரில் பார்த்துப் பழகியவள் அல்லவா? அங்கிருந்த வனப் பணியாளர் அவளைத் தடுத்து, அது தானாக நடந்து கடலுக்குப் போவதுதான் நல்லது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அது குழியிலிருந்து ஏறி, அலை வந்து எடுத்துக்கொண்டு போகும் வரை அசையாமல் நின்றாள்.

உங்கள் மகனுக்குத் தம்பியோ தங்கையோ இருந்தால், ‘ஆக்டோநாட்ஸ்’ என்னும் பிரிட்டிஷ் தொடரைக் காட்டுங்கள். 2010இல் பிபிசியின் குழந்தைகள் அலைவரிசையில் தொடங்கியது. பனிக்கரடித் தலைவர், பூனை, பென்குயின் மருத்துவர் எல்லாரும் கடலுக்கடியில் வாழ்ந்து, அல்லல்படும் உயிர்களைக் காப்பாற்றுவார்கள். பெரும்பாலும் வில்லன் இல்லாத கதைகள் என்பதாலேயே எனக்கு அது பிடித்திருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு வைல்ட் கிராட்ஸிலிருந்து தொடங்குவதே சரி. ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும், பேசுவதற்கு நேரம் வேண்டும்.