அப்பா இருக்கிற சங்கத்துக்கு எதிரா நான் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எந்தப் பொருள் எப்படி வருது, மிருகத்தை வதைக்காம, மண்ணைக் கெடுக்காம வருதான்னு பாத்து வாங்கச் சொல்ற ஒரு சின்ன குரூப்ல இருக்கேன். விவசாயிகள் சங்கத்தைக் கண்டிச்சு ஒரு அறிக்கை ரெடி பண்ணியிருக்காங்க. கூண்டுக்கோழித் தடை, பூச்சிமருந்துத் தடை எது வந்தாலும் சங்கம் குறுக்க நிக்குது, அது 'கம்பெனிகளோட கைக்கூலி'ன்னு எழுதியிருக்கு. எங்கப்பா 30 வருஷமா அந்த சங்கத்துல மெம்பர், சின்னதா கோழிப்பண்ணை வச்சிருக்கார். நான் என்ன பண்ண?

பதில்: 'கைக்கூலி' அதுல இருக்கிற வரைக்கும் போடாதீங்க. அதை எடுத்துட்டு ஒரே ஒரு பாரா சேத்தாங்கன்னா தாராளமா போடுங்க. எந்தப் பாரான்னு கடைசில சொல்றேன்.

முதல்ல, உங்க குரூப் சும்மா கத்தல. பெரிய சங்கங்கள்ல பெரிய பண்ணைக்காரங்க குரல்தான் ஓங்கி நிக்கும், இது ஊரறிஞ்ச விஷயம். ஐரோப்பாவையே உதாரணமா எடுத்துக்கலாம், அங்க நேரடி விவசாய மானியத்துல சுமார் 80 சதவீதம் 20 சதவீதம் பேருக்குத்தான் போகுது, நிலம் எவ்வளவுன்னு பாத்துக் கொடுக்கிறதால வர்ற கோளாறு, அதுக்கு ஒரு உச்சவரம்பு கட்டாயமாக்கலாம்னு பேச்செடுத்தா அங்க இருக்கிற சங்கங்களோட கூட்டமைப்பு கோபா-கோஜெகா எதிர்த்துதான் நின்னுச்சு. அது சின்ன விவசாயிக்காகப் பேசுற பேச்சா? எனக்கு அப்படித் தோணல.

பூச்சிமருந்து கதையும் அப்படித்தான். தேனீக்கு ஆகாதுன்னு 2018-ல ஐரோப்பிய யூனியன் மூணு நியோனிகோட்டினாய்டு மருந்துகளை வெளி வயல்ல பயன்படுத்தத் தடை போட்டுச்சு. பிரிட்டன்ல சுகர் பீட் (சர்க்கரை எடுக்கிற ஒரு கிழங்கு) பயிருக்கு மட்டும் அவசர விலக்கு வேணும்னு அங்கத்த தேசிய விவசாயிகள் சங்கமும் பீட் வாங்குற சர்க்கரை கம்பெனியும் ஒரே பக்கம் நின்னு கேட்டுச்சு, சில வருஷம் கிடைச்சுது, 2025-ல அரசாங்கம் முடியாதுன்னுடுச்சு. விலை பேசும்போது எதிரெதிரா உக்கார்ற ரெண்டு பேர் மருந்து கேட்க மட்டும் கூட்டு சேந்தா பாக்கிறவனுக்கு சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனா அசுவினிப் பூச்சி கொண்டு வர்ற வைரஸ்ல வயலே மஞ்சளாகிப் போனவனுக்கு அந்த நேரத்துல வேற வழி என்ன இருந்துச்சுன்னும் யாராவது கேக்கணும் இல்லையா.

இப்ப உங்கப்பா விஷயத்துக்கு வரேன், கோழிக்கு. வெறும் கம்பிக்கூண்டுல முட்டைக்கோழி வளர்க்கக்கூடாதுன்னு ஐரோப்பிய யூனியன் 1999-லயே சட்டம் போட்டு, மாத்திக்க 2012 ஜனவரி 1 வரைக்கும் டைம் கொடுத்துச்சு. அந்த தேதியும் வந்துச்சு. 13 நாடுகள் இன்னும் முழுசா மாறலன்னு யூனியனோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய கமிஷன் நோட்டீஸ் அனுப்ப வேண்டியதாப் போச்சு. அதாவது கடன் வாங்கி கூண்டை மாத்துனவன் முட்டையும், ஒண்ணுமே பண்ணாதவன் மலிவு முட்டையும் ஒரே மார்க்கெட்ல பக்கத்துல பக்கத்துல. நேர்மையா நடந்தவன் தலைல துண்டு. 'எங்களுக்கு மட்டும் ரூலா'ன்னு அங்கத்த விவசாயிகள் சங்கங்க அன்னிக்குப் போட்ட சத்தத்துல நியாயம் இருந்துச்சு, தடை கேட்டுப் போராடுனவங்க அதை இன்னும் காதுகொடுத்துக் கேட்டிருக்கலாம்.

இன்னொண்ணு. அங்க விக்கிற முட்டை ஓட்டுமேல ஒரு நம்பர் குத்தியிருப்பாங்க, 0 ஆர்கானிக், 1 வெளில மேயுறது, 2 கொட்டகைக்குள்ள, 3 கூண்டு (தடைக்கு அப்புறமும் அனுமதி இருக்கிற, கொஞ்சம் வசதி பண்ணின கூண்டு). முழு முட்டை வாங்குறவன் பாத்து வாங்கலாம். அதே முட்டையை உடைச்சு கேக்குலயும் மயோனைஸ்லயும் ஊத்திட்டா நம்பர் எங்க? (நானே முட்டையை அவ்வளவு உத்து உத்துப் பாத்து வாங்கிட்டு, பிஸ்கட் பாக்கெட்டை ஒரு நாளும் திருப்பிக்கூட பாத்ததில்ல.) மலிவு முட்டை நைசா ஒளிஞ்சுக்கிற இடம் அதுதான், உங்க அறிக்கை அந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்கலன்னு நினைக்கிறேன்.

சேக்கச் சொன்ன பாரா இதுதான்: கூண்டை மாத்துற செலவை யார் ஏத்துக்கணும், வாங்குற கம்பெனி எத்தனை வருஷத்துக்கு என்ன விலைக்கு எழுதிக் கொடுக்கணும், வெளில இருந்து வர்ற கூண்டு முட்டைக்கும் அதே ரூல் உண்டா. இந்த மூணும் இல்லாம 'சங்கமே மாறு'ன்னு எழுதுறது, கடைசில உங்கப்பா மாதிரி ஆளுங்க பாக்கெட்ல கைவிடுறதுதான். இதெல்லாம் எழுதிட்டு சங்கத் தலைமையை எவ்வளவு காரமா வேணாலும் திட்டுங்க, எந்த மீட்டிங்ல எதை எதிர்த்தாங்கன்னு பேர் சொல்லி, தேதி சொல்லி.

அப்பாகிட்ட அறிக்கை வெளில வர்றதுக்கு முன்னாடியே காட்டிடுங்க, அவர் வேற யார் மூலமாவோ கேள்விப்படக்கூடாது. சம்மதம் கேட்டு நிக்க வேணாம், எந்த வரி தப்புன்னு மட்டும் கேளுங்க. கோபப்படுவார், ரெண்டு நாள் பேசாம கூட இருப்பார். ஆனா சங்கத்து மேல அவருக்கே நாலு புகார் இருக்கும், 30 வருஷம் சந்தா கட்டுனவருக்கு இல்லாம போகுமா.

குரூப்ல அந்தப் பாராவுக்கு ஒத்துக்கலன்னா கையெழுத்தை விட்டுடுங்க. கேக் கம்பெனிக்கு 'உங்க முட்டை எந்த நம்பர்'னு ஒரு லெட்டர் நீங்களே எழுதுங்க. அதுல அப்பாவும் கையெழுத்துப் போடுவார்னு நினைக்கிறேன்.