ஓஆர்எஸ் என்று வாங்கிய பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. இரண்டு நாளாகத் தண்ணீராகப் போகிறது. டாக்டர் ஓஆர்எஸ் பொடியும் ஜிங்க் மருந்தும் எழுதிக் கொடுத்தார். பொடியைக் கரைத்துக் கொடுத்தால் துப்பிவிடுகிறாள். மெடிக்கலில், 'அதுவும் இதுவும் ஒண்ணுதாம்மா, பிள்ளைங்க நல்லா குடிக்கும்' என்று ஆப்பிள் சுவையில் ஒரு பெட்டி கொடுத்தார்கள். ஆசையாகக் குடிக்கிறாள். ஆனால் குடித்த பிறகு இன்னும் அதிகமாகப் போகிறது. தொடரலாமா?"

வேண்டாம். இன்றே நிறுத்துங்கள். நீங்கள் பார்த்தது சரிதான்.

வயிற்றுப்போக்கில் உடம்பு இழக்கிற நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல்தான் ஓஆர்எஸ். அதில் உப்பும் குளுக்கோஸும் அளவாக இருக்கின்றன. குடல் குளுக்கோஸை இழுக்கும்போது உப்பும் கூடவே உள்ளே போகிறது, உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்கு, ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு. ஆனால் ஓஆர்எஸ் என்ற எழுத்தோடு விற்ற பழச்சுவை பானங்கள் சிலவற்றில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தது. அவ்வளவு சர்க்கரை குடலில் இறங்கினால், உடம்பில் இருக்கும் தண்ணீரும் குடலுக்கு வந்து வெளியே போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க அரசுக்கு எத்தனை காலம் வேண்டும்? இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (FSSAI) 2022 ஏப்ரலில் இந்தப் பானங்கள் ஓஆர்எஸ் பெயரைப் போடக் கூடாது என்றது. அதே ஆண்டு ஜூலையில், 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓஆர்எஸ் அல்ல' என்று ஒரு வரி அச்சடித்தால் போதும் என இறங்கி வந்தது. ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலில் நிற்கிற அப்பா அந்த ஒரு வரியையா படிப்பார்? ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடிய பிறகுதான், 2025 அக்டோபரில் அந்தச் சலுகையும் ரத்தானது. தடை பெயருக்குத்தான், பானத்துக்கு இல்லை. வேறு பெயரில் அதே அலமாரியில் வைக்க யாருக்கும் தடையில்லை. பொடியை விற்றால் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்தால் 'ரெண்டும் ஒண்ணுதான்' எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

அதற்காகப் பெட்டியில் வருவதெல்லாம் போலி என்றும் சொல்ல மாட்டேன். உண்மையான ஓஆர்எஸ்ஸும் கரைத்த நிலையில் டெட்ரா பெட்டியில் கிடைக்கிறது. அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். எது எது என்று தெரிவது எப்படி? பெட்டியைத் திருப்புங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருந்தால் அது உணவு, அதாவது ஜூஸ். மருந்தாக இருந்தால் மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருக்கும், உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படி என்று போட்டிருக்கும், சோடியம், பொட்டாசியம், சிட்ரேட் அளவெல்லாம் வரிசையாக இருக்கும். சுவையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மருந்திலும் ஆரஞ்சு சுவை உண்டு. விலையை வைத்தும் வேண்டாம். கடைக்காரர் சொல்வதை வைத்து வேண்டவே வேண்டாம்.

சரி, துப்புகிற பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? டம்ளரை வாயில் வைக்காதீர்கள். ஒரு டீஸ்பூன், ஒன்றிரண்டு நிமிடம் கழித்து இன்னொரு டீஸ்பூன், அவ்வளவுதான். மடியில் உட்காரவைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கன்னத்தின் உட்பக்கமாக விட்டாலும் சரி. ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரக் கொடுத்தால் உப்புச் சுவை அவ்வளவாகத் தெரியாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி உள்ளே போனால் இந்த வயதுக்குப் போதும்.

கரைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டிலிருந்து ரெண்டு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளரில் போடுவது, மீதியை ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது. இதெல்லாம் கூடாது. உப்பு கூடிப்போனால் அதுவே ஆபத்து. பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுக்கு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முழுசாகக் கொட்டிக் கரையுங்கள். சர்க்கரை, பால், ஜூஸ் எதுவும் சேர்க்காதீர்கள். 24 மணி நேரத்தில் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். ஒரு லிட்டர் வீணாகிறது என்றால் 200 மில்லி பாக்கெட் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள்.

தாய்ப்பாலோ சாப்பாடோ நிறுத்த வேண்டாம். இட்லி, தயிர் சாதம், உப்புப் போட்ட கஞ்சி எல்லாம் கொடுக்கலாம். ஜிங்க் உங்கள் மகளின் வயதுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள். வயிற்றுப்போக்கு மூன்றாம் நாளே நின்றாலும் பாதியில் விடாதீர்கள். 'ஸ்டாப் ஆகிற' மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. வயிற்றில் உணவு சிக்கியிருக்கிறது என்று சொல்லிப் பக்கத்து வீட்டுப் பாட்டி 'தொக்கம்' எடுக்கக் கூப்பிட்டால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். குழாய் வைத்து ஊதி எடுத்ததாகக் காட்டுவது அவர்கள் வாயில் முன்பே வைத்திருந்தது.

மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் உள்ளே போய்விட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, எழுப்பினாலும் துவண்டு விழுகிறாள் — இதில் ஒன்று இருந்தாலும் ஸ்பூனோடு உட்கார்ந்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. போகிற வழியிலும், விழித்திருந்து விழுங்க முடிகிறவரை, ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே போங்கள்.