கேள்வி பதில்: கொல்லை நத்தையும் உர மூட்டையும்

திருவையாறு: யூரியா போட்ட மறுநாள் வாழைக் கொல்லையில் நத்தைகள் செத்துக் கிடந்தன. மண் கெட்டுவிட்டதா ஐயா?

பதில்: ஒரு நாள் சாவை வைத்து மண்ணைக் குறை சொல்லாதீர்கள். நத்தைக்கு ஈரத் தோல். உர மணி ஒட்டிக் கரைந்தால் உடம்பிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். அது காயம். மாசு என்பது சத்தமில்லாமல் சேர்வது. டிஏபி, சூப்பர் பாஸ்பேட் ஆகிய இரண்டு உரங்களுக்கும் மூலம் பாஸ்பேட் பாறை. அதோடு காட்மியம் என்ற நச்சு உலோகமும் கொஞ்சம் வரும். எந்த ஊர்ப் பாறை என்பதைப் பொறுத்து அளவு மாறும். நத்தை இலையோடு மண்ணையும் தின்னும். காட்மியம் அதன் செரிமானச் சுரப்பியில் தங்கும். அங்கே ஒரு புரதம் அதைக் கட்டிப்போடுவதால் நத்தை சாகாமலே சுமந்து திரியும். ஆகவே செத்ததை எண்ணிப் பயனில்லை, சுரப்பியை ஆய்வகத்தில் அளக்க வேண்டும். இளம் நத்தைகளின் வளர்ச்சியை வைத்து மண்ணைச் சோதிக்க ஐஎஸ்ஓ 15952 என்று ஒரு சர்வதேசத் தரமுறையே உண்டு. அப்புறம், வெறுங்கையால் தொடாதீர்கள். எலியிடமிருந்து வந்து மனித மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு நத்தையில் இருக்கலாம்.

மன்னார்குடி: சம்பா வயலில் குழம்புக்குக்கூட நத்தை கிடைப்பதில்லையே?

பதில்: அது நீர் நத்தை. இங்கே தரை நத்தை மட்டும்.

கும்பகோணம்: என் கொடிக்காலில் நத்தை மண்டிக் கிடக்கிறது. மண் சுத்தம் என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. பெரிய ஆப்பிரிக்க நத்தையாக இருக்கும். 1847-இல் கல்கத்தாவில் விடப்பட்டது, குப்பைமேட்டிலும் கொழுக்கும்.

கும்பகோணம்: ஒரு பிடி உரம் போட்டதில்லை ஐயா. பக்கத்துக் கொல்லையில் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள், அங்கே ஒன்றுகூட இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: பக்கத்துக் கொல்லையில் நிழல் உண்டா? உங்களுடையதில் நிழலும் தினத் தண்ணீரும் இருக்கிறது, நத்தைக்கு அது போதும். உரம் போடவில்லை, சரி. வாடல் நோய்க்குப் போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்தை ஊற்றினீர்களா? அதில் மயில்துத்தம், அதாவது செம்பு உப்பு. மண்ணில் விழுந்தால் லேசில் போகாது. நத்தையின் ரத்தம் நீலமாக இருப்பதே செம்பால்தான். அளவு மீறினால் அதுவே நஞ்சு.

கும்பகோணம்: ஊற்றினேன். அது மருந்து, உரமில்லையே!

பதில்: மண்ணுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது.

நாகப்பட்டினம்: நடுவில் வருகிறேன். கொல்வது பூச்சிமருந்துதான், உரத்தின் மேல் ஏன் பழி?

பதில்: இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்தால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உரம் மட்டும் போட்ட பாத்தி ஒன்று, எதுவும் போடாத பாத்தி ஒன்று, ஒரே நிழலில் விட்டுப் பாருங்கள்.

திருவாரூர்: யூரியா போட்டால் நத்தை சாகுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

சீர்காழி: உப்புத் தூவி விரட்டலாமா?

பதில்: கடலோர மண்ணில் இருக்கிற உப்பு போதாதா? பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கையுறையோடு.

வலங்கைமான்: டிஏபி போட்டால் நத்தை...

பதில்: முதல் பதில். கையுறை.