தென்னாப்பிரிக்காவில் விற்பனைக்கு ஆப்பிள் பயிரிட எந்தப் புத்தகங்களைப் படிக்கலாம்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே மிட்லேண்ட்ஸில் நிலம் இருக்கிறது, தாத்தா டர்பன் சந்தைக்குக் காய்கறி போட்டவர், ஆப்பிளுக்கு என்ன படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மேற்கு கேப் மாகாணத்தில், கிராபோவில் பழத்தோட்ட வேலையில் இருக்கிறேன்.

முதலில் வாங்க வேண்டியது அம்னோன் எரெஸ் தொகுத்த 'டெம்பரேட் ஃப்ரூட் கிராப்ஸ் இன் வார்ம் கிளைமேட்ஸ்' (2000). தலைப்பில் ஆப்பிள் இல்லை, பரவாயில்லை. ஆப்பிள் நூல்களில் பெரும்பாலானவை குளிருக்குப் பஞ்சமில்லாத நாடுகளில் எழுதப்பட்டவை. நம் கவலையோ குளிர்காலம் போதுமான அளவு குளிருமா என்பது. குளிர் போதாவிட்டால் மொட்டுகள் ஒன்றாக விழிக்காது. பூப்பு வாரக்கணக்கில் இழுக்கும், கிளையில் பாதி மொட்டையாக நிற்கும், ஒரே மரத்தில் கோலிக்குண்டு அளவுப் பிஞ்சும் பெரிய காயும் சேர்ந்து தொங்கும். அப்புறம் மருந்துக் கணக்கு, பறிப்புக் கணக்கு எல்லாம் குலையும். எங்கள் பக்கத்து எல்ஜின் போன்ற மிதமான இடங்களில் மொட்டுகளை ஒன்றாக விழிக்க வைக்கத்தான் குளிர்கால இறுதியில் எண்ணெயும் ஹைட்ரஜன் சயனமைடும் தெளிக்கிறார்கள். (சயனமைடு தெளிப்பவர் அதற்கு முன்னும் பின்னும் சில நாட்கள் மது தொடக் கூடாது, உடம்பு படுத்திவிடும்.)

'இந்த ரகத்துக்கு இத்தனை குளிர் யூனிட்' (மரத்துக்குத் தேவையான குளிரின் அளவு) என்று எங்கே படித்தாலும் அது எந்தக் கணக்கு என்று பாருங்கள். 1974இல் வந்த யூட்டா கணக்கில் வெப்பமான பகல், சேர்ந்த குளிரைக் கழித்துவிடும். தென்னாப்பிரிக்காவில் ஒரு நாளின் கணக்கு மைனஸில் முடிந்தால் அதைப் பூஜ்யமாக வைக்கும் திருத்திய முறை புழங்குகிறது. இரண்டையும் கலந்தால் ரகத் தேர்வே தப்பாகிவிடும்.

ஆப்பிளுக்கென்றே ஒரு தடித்த நூல் வேண்டுமென்றால் ஃபெர்ரியும் வாரிங்டனும் தொகுத்த 'ஆப்பிள்ஸ்: பாட்டனி, ப்ரொடக்‌ஷன் அண்ட் யூசஸ்' (2003). கவாத்து, காய் கலைத்தல், வேர்ச்செடி (ரகத்தை ஒட்டுக்கட்டும் அடிச்செடி) எல்லாம் இருக்கிறது. வாரிங்டன் நம்மைப் போலத் தென் அரைக்கோளத்தில் இருக்கும் நியூசிலாந்துக்காரர் என்பது கூடுதல் நிம்மதி. வட அரைக்கோளத்து நூல்களில் மாதங்களை ஆறு தள்ளிப் படியுங்கள், அவ்வளவுதான். வேர்ச்செடி விஷயத்தில் மட்டும் உஷார். ஐரோப்பிய நூல்கள் எம்.9 என்ற குட்டை வேர்ச்செடியைத் தலையில் வைத்துக் கொண்டாடும். அது கம்பளி அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சிக்குத் தாங்காது. அசுவினியைத் தாங்கும் 'நார்தர்ன் ஸ்பை' என்ற பழைய ஆப்பிள் ரகத்தின் வழியில் வந்த எம்.793, எம்.எம்.109 வேர்ச்செடிகள் இங்கே நெடுங்காலம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஜான் ஜாக்சனின் கேம்பிரிட்ஜ் நூலான 'பயாலஜி ஆஃப் ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' கூட நல்லதுதான், ஆனால் இரவல் வாங்கினால் போதும்.

எங்கள் பக்கத்துக் கையேடுகளை அப்படியே நம்பாதீர்கள். இங்கே மழை குளிர்காலத்தில், கோடை காய்ந்து கிடக்கும். உங்களுக்கு மழையே கோடையில்தான், கூடவே ஆலங்கட்டி. இலை நனைந்தே இருந்தால் சொறிநோய்க்குக் கொண்டாட்டம். அதனால் அமெரிக்கத் தாவர நோயியல் சங்கம் வெளியிட்ட ஆப்பிள்-பேரி நோய்த் தொகுப்பு எனக்கு எவ்வளவு தேவையோ, அதைவிட உங்களுக்கு அதிகம் தேவை. 2014இல் வந்த இரண்டாம் பதிப்பை வாங்குங்கள், பூச்சிகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆலங்கட்டியைத் தடுக்கும் வலைக்கான செலவையும் இப்போதே கணக்கில் போடுங்கள்.

காய்கறியில் ஒரு போகம் தவறினால் அடுத்ததில் மாற்றிக்கொள்ளலாம். ஆப்பிள் மரம் இருபது வருடத்துக்கு மேல் நிற்கும். எனவே ரகத்தை முடிவு செய்யும் முன், தென்னாப்பிரிக்கப் பழ விவசாயிகளின் அமைப்பான ஹார்ட்குரோ ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரக் கையேட்டைப் பாருங்கள். எந்த ரகம் எத்தனை ஹெக்டேர், மரங்களின் வயது என்ன என்று அதில் இருக்கும். பலரும் வயதுப் பத்தியைத் தாண்டிப் போய்விடுவார்கள். இளம் மரங்கள் குவிந்து கிடக்கும் ரகத்தை நட்டால், உங்கள் மரம் காய்க்கும்போது சந்தையில் அந்தப் பழம்தான் நிரம்பியிருக்கும்.