மருத்துவரிடம் கேளுங்கள்: படபடப்பு நின்றுவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 67. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரத்தக் கொதிப்பு உண்டு. சென்ற ஆண்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) என்று கண்டறிந்து மெட்டோப்ரோலால், அசினோகௌமரால் மாத்திரைகள் கொடுத்தார்கள். எட்டு மாதமாகப் படபடப்பே இல்லை. மாதந்தோறும் ரத்தப் பரிசோதனைக்குக் கோவை போய்வர ஒரு நாள் முழுவதும் கழிகிறது. இனி அசினோகௌமராலை நிறுத்தலாமா? பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரை உண்டு என்கிறார்களே? கீரை, தேநீர் கூடாதா? அந்தப் பரிசோதனையில் வந்த கடைசி ஆறு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் எண்) முடிவுகளை இணைத்துள்ளேன்.
(வாசகி, கோத்தகிரி)

பதில்: நிறுத்தக் கூடாது. படபடப்பைக் குறைத்தது மெட்டோப்ரோலால். அது துடிப்பின் வேகத்தைத்தான் தணிக்கிறது. உங்கள் கணவரின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து ஒரு நிமிடம் முழுவதும் நாடி பாருங்கள். இரண்டு துடிப்புகள் நெருங்கி வந்து, மூன்றாவது தாமதித்து, அடுத்தது மெலிந்து தட்டினால், அவர் உணராவிட்டாலும் இதயத்தின் மேலறைகள் இன்னும் ஒழுங்கின்றியே துடிக்கின்றன. நாடி சீராக இருந்தாலும் கோளாறு சொல்லாமல் வந்து போகக்கூடும். அவ்வாறு நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்குவதைத் தடுக்கவே அசினோகௌமரால். 65 வயதைக் கடந்ததும் ரத்தக் கொதிப்பு இருப்பதுமே அவருக்கு அது தேவை என்பதற்குப் போதுமான காரணங்கள். ஆஸ்பிரின் இதற்கு மாற்றாகாது.

நீங்கள் அனுப்பிய எண்கள்: 2.3, 2.6, 2.2, 1.4, 3.9, 2.5. இருக்க வேண்டியது 2 முதல் 3 வரை. நவம்பரில் மண்சரிவால் சாலை மூடி, மாத்திரை தீர்ந்து, நான்கு நாள் விடுபட்டதாக எழுதியிருக்கிறீர்கள், 1.4 அதனால் வந்தது. டிசம்பரில் சளிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டபோது 3.9. ஆகவே கோளாறு மாத்திரையில் இல்லை. மழைக்காலத்துக்கு முன்பே ஒரு மாத இருப்பு வைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்த மருந்து தொடங்கினாலும் நான்கைந்து நாளில் ஐ.என்.ஆர். பாருங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கினால் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து கூடும்.

மாதந்தோறும் கோவைக்குப் போக வேண்டியதில்லை. நம்பகமான உள்ளூர் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்து, முடிவை உங்கள் இதய மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர் கூறும் அளவை நோட்டில் எழுதிக்கொள்ளலாம். ஒரே ஆய்வகத்திலேயே தொடர்ந்து பார்ப்பது நல்லது. நேரில் போவது சில மாதங்களுக்கு ஒரு முறை போதுமா என்று அவரிடம் கேளுங்கள்.

புதிய மாத்திரைகளான அபிக்சபான், ரிவராக்சபான் முதலியவற்றுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை என்பது உண்மை. ஆனால் முதலில் எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையைப் பாருங்கள். கீல்வாதக் காய்ச்சலால் (ருமாட்டிக் ஃபீவர்) இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியிருந்தாலோ, உலோக வால்வு பொருத்தியிருந்தாலோ அவை ஆகா. அந்தக் காய்ச்சலால் இதயம் பாதித்தவர்களிடம் ரிவராக்சபானைவிட அசினோகௌமரால் போன்ற பழைய வகை மாத்திரையே மேல் என்று 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. வால்வு நன்றாக இருந்தால் மாற்றுவது பற்றித் தாராளமாகக் கேட்கலாம். அப்போதும் ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரகப் பரிசோதனை வேண்டும். மேலும் அவற்றின் வேலை ஒரு நாளில் அடங்கிவிடுவதால், ஒரு வேளை தவறினாலும் பாதுகாப்பு குறையும். மறதிக்காரருக்கு அது சௌகரியமல்ல.

கீரை சாப்பிடலாம். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் அறவே இல்லை என்ற தாறுமாறுதான் ஐ.என்.ஆர். அளவைக் கெடுக்கும். தேநீரை, அதுவும் கோத்தகிரியில், நிறுத்தச் சொல்ல எனக்கு மனமும் வரவில்லை, காரணமும் இல்லை; அளவாகக் குடிக்கட்டும். மதுப் பழக்கம் இருந்தால் அதை விடட்டும்.

வாய் ஒரு பக்கம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் இவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். மலைப்பாதையே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வண்டியில் ஏறும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஊசி போடலாமா என்று அங்குள்ள மருத்துவர் முடிவு செய்ய, கடைசி மாத்திரை எடுத்த நேரமும் கடைசி ஐ.என்.ஆர். எண்ணும் தேவைப்படும்.