யாக்கிமாவில் ஆப்பிள் கிடங்கு வேலைக்கு வரும் தம்பிக்கு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமாவில், தண்டவாளத்தை ஒட்டிய பழைய ஆப்பிள் கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது, குளிர் தாங்குமா, வீடு, மளிகையெல்லாம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். குளிர் பழகிவிடும். மளிகைக்கு சியாட்டில் போகிறவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.

இந்த ஊரே ரயிலுக்குப் பின்னால் போன ஊர். 1884-ல் நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனி வந்தபோது பழைய ஊரில் நில பேரம் படியவில்லை. நாலு மைல் வடக்கே ஸ்டேஷனைப் போட்டுவிட்டார்கள். மறு வருடம் கடைகண்ணிகளை உருளைக் கட்டைகளில் ஏற்றி அங்கே இழுத்துப் போனார்கள். கிடங்குகளும் தண்டவாளத்தோரமே வரிசை கட்டின. மேடை உயரமும் சரக்குப் பெட்டியின் தரையும் ஒரே மட்டம். நடுவில் பலகை போட்டால் கைவண்டி நேரே உள்ளே ஓடும். ஆரம்பத்தில் குளிர்பதன மெஷின் கிடையாது. ராத்திரி கதவைத் திறந்து குளிர்காற்றை விட்டு, விடிந்ததும் மூடுவார்கள். தடித்த சுவருக்குள் மரத்தூள் திணித்ததும் அதற்குத்தான். ரயில் பெட்டியின் இரு முனையிலும் ஐஸ் தொட்டி. வழியெல்லாம் ஐஸ் நிரப்பினால்தான் கிழக்குக் கரை வரை பழம் தாங்கும். அப்புறம் அமோனியாவில் ஓடும் குளிர்பதன மெஷின் வந்தது, லாரி வந்தது, தண்டவாளப் பக்கத்துக்கு வேலை குறைந்தது.

நீங்கள் பயப்பட வேண்டியது குளிருக்கு இல்லை, சீல் வைத்த சி.ஏ. அறைக்கு, அதாவது ஆக்சிஜனைக் குறைத்துப் பழம் அடைத்து வைக்கும் அறைக்கு. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். உள்ளே 1 முதல் 3தான். அதனால்தான் பழம் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கிறது. மனிதன் ஓரிரு மூச்சில் சுருண்டுவிடுவான், வாசனையும் இருக்காது. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள், அடுத்து விழுவது நீங்கள்தான். ஆள் திரட்டுங்கள், அவசர உதவிக்கு 911 அடியுங்கள். அறையைத் திறந்த பிறகும் ஆக்சிஜன் மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் கால் வைக்காதீர்கள். அமோனியா நெடி மூக்கில் ஏறினால், காற்று வரும் திசையை நோக்கி வெளியேறுங்கள்.

நம்மவர்கள் சிலர் டிகிரி மிதப்பில் பயிற்சி வகுப்பில் போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் நிற்கும் மெக்சிகோக்காரருக்கு அந்த சி.ஏ. அறைக் கதவைப் பற்றி அவர்களைவிட அதிகம் தெரியும். நாலு வார்த்தை ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு அவரிடம் கேளுங்கள்.

வீடு எங்கே வேண்டுமானாலும் பாருங்கள். ஆனால் பழைய ஆப்பிள் தோப்பு நிலமா என்று விசாரியுங்கள். 1940-கள் வரை புழுவுக்கு ஈய ஆர்சனேட் என்ற, ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த விஷ மருந்தை அடித்தார்கள்; அது இன்னும் மேல்மண்ணில் கிடக்கிறது. மண்ணைப் பரிசோதிக்காமல் கீரை விதைக்காதீர்கள். பலகைப் பாத்தி கட்டி, கடை மண் நிரப்பிப் போடுங்கள். அந்த மண் வீட்டுக்குள் வராமல் செருப்பை வாசலிலேயே விடுங்கள், அந்தப் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு.